ஒன்பதாவது மாடிக்குத் தண்ணீர் எப்படி வரும்?

என் பெரியம்மாவின் அறையில், பீரோவுக்கு மேலே, தடிமனான பிளாஸ்டிக் கவர் ஒன்று இருக்கிறது. உள்ளே ரேஷன் கார்டு, ஆதார், பெரியப்பாவின் இறப்புச் சான்றிதழ், பென்ஷன் புத்தகம், ஒரு கல்யாண ஃபோட்டோ. கவரின் வாயை மெழுகுவர்த்தித் தீயில் காட்டி ஒட்டியிருப்பார். ஏதாவது வேண்டுமென்றால் ஓரத்தைக் கத்தரித்து எடுப்பார், வேலை முடிந்ததும் மறுபடி ஒட்டுவார். கத்தரித்துக் கத்தரித்துக் கவர் பாதியாகிவிட்டது. அறை இருப்பது சோழிங்கநல்லூரில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒன்பதாவது மாடியில்.

"ஒன்பதாவது மாடிம்மா. இங்க எப்படிம்மா தண்ணி வரும்?" என்பார் அண்ணன்.

"வரும்னு நான் சொன்னேனா?" என்பார் பெரியம்மா. கவர் இறங்காது.

பெரியம்மா நாற்பது வருடம் ஜாபர்கான்பேட்டையில் இருந்தவர். 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு பொங்கி வந்தபோது அவரும் பெரியப்பாவும் மட்டும்தான் வீட்டில். கரண்ட் இல்லை, போன் இல்லை. முழங்கால் வரை தண்ணீர் ஏறிய பிறகு பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கு ஏறி விடியும்வரை நனைந்துகொண்டே நின்றார்கள். பிறகு எல்லாரையும் போல வீட்டைக் கழுவினார்கள், மெத்தையைத் தூக்கிப் போட்டார்கள், நிவாரணத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். எட்டு வருடம் பெரியம்மா அதைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் பேசியதில்லை. 2023 தொடக்கத்தில் பெரியப்பா போனார். வீட்டை பில்டருக்குக் கொடுத்தார்கள். ஆகஸ்டில் பெரியம்மா மகன் வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகுதான் தூக்கம் போனது. மழை பெய்தால் மட்டும் என்றில்லை. காலை ஐந்து மணிக்கு மேல்தொட்டி நிரம்பி, குளியலறைக்குப் பின்னால் குழாய் வழியே தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

வெள்ளம் வந்தது 2015-இல். தூக்கம் போனது 2023-இல். இந்த எட்டு வருட இடைவெளி எனக்குப் புரியவே இல்லை. புரிந்துகொள்ள முயன்றதில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மனநல மருத்துவர் கிடையாது. பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள்.

ட்ராமாவும் டிராமாவும்

முதலில் இந்தச் சொல் தகராறைத் தீர்த்துவிடலாம். தமிழில் எழுதினால் ட்ராமாவும் டிராமாவும் ஏறக்குறைய ஒன்றுதான். நம் வீடுகளில் பாதிக் குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. "ட்ராமா இருக்காம்" என்று ஒருவர் சொன்னால், "ஆமா, நல்லா டிராமா போடுறா" என்று இன்னொருவர் முடித்துவிடுவார். ட்ராமா என்பது காயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பெரிய ஆஸ்பத்திரியில் விபத்து கேஸ் போகும் பகுதிக்கு ட்ராமா வார்டு என்று பெயர் இருப்பதும் அதனால்தான். மனசுக்குப் படும் காயத்துக்கும் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். தமிழில் மனவடு, உளக்காயம் என்று எழுதுகிறார்கள். எனக்கு மனவடு பிடிக்கும். புண் வேறு, வடு வேறு என்று தமிழுக்கு எப்போதோ தெரியும்.

நடந்த சம்பவத்தின் பெயரல்ல ட்ராமா. அது உள்ளே விட்டுப்போனதன் பெயர். ஒரே மொட்டை மாடியில் அன்றிரவு பதினோரு பேர் நின்றார்கள் என்று பெரியம்மா சொல்வார். பதினோரு பேருக்கும் தூக்கம் போய்விடவில்லை. பெரிய ஆபத்தைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில், சில மாதங்களில் தாமாகவே தேறிவிடுகிறார்கள். சொந்தபந்தம், வேலை, சாப்பாடு, தூக்கம் ஆகியவையே அவர்களைத் தேற்றிவிடுகின்றன. சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. அதற்கு அவர்களுடைய மன உறுதியைக் குறை சொல்வது, எலும்பு முறிந்தவரிடம் "நானும்தான் விழுந்தேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று கேட்பது போல.

உடம்பில் என்ன நடக்கிறது? மூளையின் உட்பகுதியில் பாதாம் பருப்பு வடிவத்தில் அமிக்டலா என்று ஒன்று இருக்கிறது. ஆபத்து என்று பட்டால், நாம் யோசித்து முடிக்கும் முன்பே அது உடம்பை உசுப்பிவிடும். நெஞ்சு படபடக்கும், வயிற்றைக் கலக்கும், கை வியர்க்கும். ஓடலாம், எதிர்க்கலாம். இரண்டும் முடியாவிட்டால் உடம்பு உறைந்துபோகும். "கை கால் ஓடல" என்கிறோமே, அதுதான். "ஈரக்குலையே நடுங்கிடுச்சு", "மரத்துப்போய் உக்காந்துட்டேன்" என்று இந்த நிலைகள் ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. எல்லாமே உடம்பை வைத்த சொற்கள் என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் பலர் "மனசு சரியில்லை" என்று டாக்டரிடம் போவதில்லை. தலை கிர்ருங்குது, நெஞ்சை அடைக்குது, வாயு என்றுதான் போவார்கள். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

சாதாரண ஞாபகம் தேதி முத்திரை குத்திய தபால் மாதிரி. இது நடந்தது, இந்த வருடம், முடிந்துபோனது என்று தெரியும். உயிர் போகும் பயத்தில் பதிந்த ஞாபகத்துக்குப் பல நேரம் அந்த முத்திரை விழுவதில்லை. ஒரு வாசனை, ஒரு சத்தம் போதும். இன்றைக்கு வந்த தபால் போலக் கதவைத் தட்டும். பெரியம்மாவுக்குக் குழாய்ச் சத்தம். எனக்குத் தெரிந்த இன்னொருவருக்கு ஈர அட்டைப்பெட்டியின் நாற்றம்.

மனநல மருத்துவத்தில் இதன் தீவிரமான வடிவத்துக்கு பி.டி.எஸ்.டி. என்று பெயர். 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் அது ஏறியது. திரும்பத் திரும்ப ஞாபகம் வருவது, அதைத் தவிர்த்து ஓடுவது, மனம் இறுகி இருண்டுபோவது, எப்போதும் உஷாராகவே இருப்பது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால்தான் அந்தப் பெயரை வைப்பார்கள். பெரியம்மாவுக்கு யாரும் அந்தப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்காமலேயே உதவி கிடைக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டியது.

வீடு மாற்றும்போது விழுவது

எட்டு வருட இடைவெளிக்கு வருகிறேன். வீடு காலி செய்தவர்களுக்குத் தெரியும்: பீரோவை நகர்த்தினால்தான் பின்னால் விழுந்தவை எல்லாம் வெளியே வரும். ஒற்றைக் கம்மல், 2009-ஆம் வருடத்து கேஸ் பில், பல்லி முட்டை. அத்தனை நாளும் அவை அங்கேதான் இருந்தன, பீரோ மறைத்துக்கொண்டிருந்தது. பெரியம்மாவின் பீரோ என்னவென்று யோசித்தால், பெரியப்பா. அந்த இரவில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர். பிறகு அந்த வீடு, அந்தத் தெரு, காலையில் பால் பாக்கெட்டோடு நின்று பேசும் நாலு பேர், நடந்தே போய்வரும் அம்மன் கோயில். ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் நகர்த்தினோம். பின்னால் இருந்தது வெளியே வந்தது.

வாழ்க்கை மாற்றம் என்று இங்கே சொல்வது இந்த மாதிரி நகர்த்தல்களைத்தான். கல்யாணம், பிரசவம், ஓய்வு, விவாகரத்து, வேலை போவது, மகள் அமெரிக்கா போவது, பெற்றோரில் ஒருவர் இறப்பது, படுக்கையில் விழுந்தவரைப் பார்த்துக்கொள்ளத் தொடங்குவது. நல்ல மாற்றமும் இதில் சேர்த்தி. 1967-இல் ஹோம்ஸ், ரஹே என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 43 வாழ்க்கை நிகழ்வுகளுக்கு மதிப்பெண் போட்டார்கள். கணவனோ மனைவியோ இறப்பதற்கு 100, கல்யாணத்துக்கு 50, ஓய்வு பெறுவதற்கு 45. வீடு மாறுவதற்கு வெறும் 20. நாற்பது வருடம் ஒரே வாசலில் கோலம் போட்ட ஒரு பெண்ணைக் கேட்காமல் போட்ட மார்க் அது என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் சந்தோஷமான கல்யாணத்துக்கும் பாதி மார்க் கொடுத்தார்களே, அந்தக் கணக்கு சரி. உடம்புக்கு நல்லது கெட்டது பிறகுதான்; முதலில் அது பழகியது, பழகாதது என்றுதான் பார்க்கிறது.

இன்னொன்றும் உண்டு. சில மாற்றங்களுக்கு நம்மிடம் சடங்கு இருக்கிறது. வளைகாப்பு, காதுகுத்து, பதினாறாம் நாள் காரியம், தலைத்திவசம். கூட்டம் கூடி, சாப்பாடு போட்டு, "இனிமேல் நீ வேறு ஆள்" என்று ஊர் அறியச் சொல்லிவிடும். புது வீட்டுக்குள் போகக் கிரகப்பிரவேசம் இருக்கிறது. பழைய வீட்டை விட்டு வெளியே வர என்ன இருக்கிறது? டெம்போ வரும், பாத்திரத்தைச் சாக்கில் கட்டுவார்கள், அவ்வளவுதான். விவாகரத்துக்கும், ஐ.டி. கம்பெனியில் ஒரே நாளில் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவதற்கும், பிள்ளைகள் போய்விட்ட வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் சோறு வடிப்பதற்கும் சடங்கு எதுவும் இல்லை. சிகிச்சை அறை சில சமயம் அந்தச் சடங்கின் வேலையையும் செய்கிறது.

முதல் அறை

பெரியம்மா தூங்காததைக் கண்டு மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை கேட்கும் அளவுக்கு வந்த அண்ணனைத் தடுத்து, கவுன்சிலிங்குக்குக் கூட்டிப் போனோம். அதற்குள் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேறு வந்துவிட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றிலும் கட்டிடமாக எழுப்பி வைத்திருக்கிறோம். மழைத் தண்ணீர் வேறு எங்கே போகும்? எங்கள் குடியிருப்பின் கார் பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர். லிப்ட் இல்லை, கரண்ட் இல்லை, மூன்று நாள். ஒன்பதாவது மாடிக்குத் தண்ணீர் வராதுதான். ஆனால் பெரியம்மாவின் பயத்தை முட்டாள்தனம் என்று அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை.

முதலில் போன இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். உட்கார்ந்து பத்து நிமிடத்தில், "அந்த ராத்திரி என்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க. மனசுல இருக்கிறதைக் கொட்டிட்டா பாரம் இறங்கிடும்" என்றார். பெரியம்மா மரியாதை தெரிந்தவர். டாக்டர் மாதிரி ஒருவர் கேட்டால் சொல்லத்தான் வேண்டும் என்று நினைப்பவர். ஒன்று விடாமல் சொன்னார். அழுதார். அவரும் டிஷ்யூ கொடுத்தார், நேரம் முடிந்தது, காசு கட்டினோம். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் பெரியம்மாவின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அடுத்த மூன்று இரவு கண் மூடவில்லை. "இனிமே அந்தப் பக்கம் வரமாட்டேண்டி" என்றார்.

கொட்டினால் பாரம் இறங்கும் என்பது நம் எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை. துக்கம் விசாரிக்கப் போனாலும் அதைத்தான் செய்கிறோம். வருகிற ஒவ்வொருவரும் "எப்படி ஆச்சு? கடைசியா என்ன சொன்னாரு?" என்று கேட்க, வாசலில் உட்கார்ந்த பெண் நாற்பதாவது முறையாக அதே கதையைச் சொல்வாள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடிப்பது நல்லது. கதையைப் பிடுங்குவது வேறு. பேரிடர் முடிந்த கையோடு எல்லாரையும் உட்காரவைத்து நடந்ததைச் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் உலகம் முழுக்கவே நடைமுறையில் இருந்தது. அது பயன் தரவில்லை, சிலருக்குக் கெடுதலே செய்தது என்று ஆய்வுகளில் தெரிந்த பிறகு உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. அதற்குப் பதிலாக 2011-இல் வெளியிட்ட மனநல முதலுதவி வழிகாட்டியில் மூன்றே வேலைகள்: நிலைமையைப் பார்ப்பது, சொல்ல வருவதைக் கேட்பது, வேண்டிய உதவியோடு இணைத்துவிடுவது. சாப்பாடும் போர்வையும் உறவினரின் போன் நம்பரும் அதில் அடக்கம்.

இரண்டாவது அறை

மனவடுவை அறிந்து செய்யும் சிகிச்சை என்பது, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ஏதோ ஒரு காயம் இருக்கலாம் என்ற எண்ணத்தோடு, அந்தக் காயத்தில் மறுபடி இடிக்காமல் நடந்துகொள்ளும் முறை. 2001-இல் மாக்சின் ஹாரிஸ், ரோஜர் ஃபாலட் என்ற இருவர் இதைச் சேவை நிலையங்கள் பின்பற்றக்கூடிய ஒரு முறையாக எழுதினார்கள். 2014-இல் சாம்ஸா என்ற அமெரிக்க அரசு அமைப்பு ஆறு கொள்கைகளாக வகுத்தது: பாதுகாப்பு, நம்பகம், ஒத்த அனுபவம் உள்ளவர்களின் துணை, சேர்ந்து முடிவெடுப்பது, வந்தவரின் குரலுக்கும் விருப்பத்துக்கும் இடம், அவருடைய பண்பாட்டையும் பாலினத்தையும் வரலாற்றையும் மதிப்பது. படித்தால் கல்யாணப் பத்திரிகை வாசகம் மாதிரி இருக்கும். அறைக்குள் பார்த்தால்தான் புரியும்.

மூன்று மாதம் கெஞ்சி, அண்ணா நகர் பக்கம் இன்னொருவரிடம் கூட்டிப் போனேன். அந்த அம்மா எழுந்து வந்து, "எங்க உக்காந்தா உங்களுக்கு வசதிம்மா?" என்று கேட்டார். பெரியம்மா கதவுக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "கதவைச் சாத்தலாமா, கொஞ்சம் திறந்து வைக்கட்டுமா?" "கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்." "உங்க பொண்ணு உள்ள இருக்கட்டுமா?" நான் தங்கை மகள், பெரியம்மா திருத்தவில்லை. "முதல்ல இருக்கட்டும், அப்புறம் போகட்டும்" என்றார். பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: "இன்னைக்கு எதையும் சொல்லணும்னு இல்லம்மா. நான் கேக்கிறதுல எதுக்குப் பதில் சொல்லப் பிடிக்கலையோ, கையை இப்படித் தூக்குங்க. விட்டுடறேன். ஏன்னு கேக்க மாட்டேன்."

அன்றைக்கு வெள்ளத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. எப்போது எழுந்திருப்பார், காபியா டீயா, ஜாபர்கான்பேட்டையில் வாசல் எந்தப் பக்கம், இந்த வீட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்தால் கொஞ்சம் நிம்மதி என்று கேட்டாராம். நிம்மதியான இடம் சமையலறை ஸ்லாபுக்குக் கீழே தரை. மூச்சு வாங்கும்போது என்ன செய்யலாம் என்று ஒன்று கற்றுக்கொடுத்தார்: கண்ணில் படும் ஐந்து பொருளைச் சொல்வது, தொடக்கூடிய நாலு, கேட்கும் மூன்று சத்தம், இரண்டு வாசனை, ஒரு ருசி. பெரியம்மா அதைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டார். ஐந்தையும் எண்ணும் பொறுமை இல்லை. சமையலறையில் உட்கார்ந்து கறிவேப்பிலையை உருவி முகர்வார். வேலை செய்கிறது.

பாதுகாப்பு என்ற வார்த்தைக்கு அந்தத் திறந்த கதவுதான் அர்த்தம். விருப்பத்துக்கு இடம் என்பதற்கு அந்தத் தூக்கிய கை. எத்தனை முறை வர வேண்டியிருக்கும், எவ்வளவு செலவு, நோட்டில் என்ன எழுதுகிறார் என்றெல்லாம் கேட்காமலேயே சொன்னார், அது நம்பகம். முன்னொரு முறை பக்கத்துத் தெரு தர்காவில் மந்திரித்துத் தாயத்துக் கட்டிக்கொண்டதைப் பெரியம்மா தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "கட்டினதும் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். மந்திரிப்பதும் பாடம் போடுவதும் நம் ஊரில் பயத்துக்குப் பெயர் வைத்துக் கவனிக்கும் ஏற்பாடுகள். சிகிச்சைக்குக் குறுக்கே நிற்காதவரை அவற்றோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. இதுவரை சொன்னது ஓர் அணுகுமுறை. பல் டாக்டரும் பள்ளி ஆசிரியரும் காவல் நிலையத்தில் புகார் வாங்குபவரும்கூட இப்படி நடந்துகொள்ளலாம், நடந்துகொள்ள வேண்டும். மனவடுவையே நேராகக் கையாளும் சிகிச்சைகள் தனி. ஞாபகத்தையும் அதைச் சுற்றிய எண்ணங்களையும் படிப்படியாக அணுகும் ட்ராமா சார்ந்த சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சை ஒன்று. அசையும் விரலையோ ஒளியையோ கண்ணால் தொடர்ந்தபடி ஞாபகத்தை மனதில் கொண்டுவரும் இ.எம்.டி.ஆர். இன்னொன்று. இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பி.டி.எஸ்.டி.க்குப் பரிந்துரைத்தது. இவற்றை அதற்கென்று பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். எடுத்த எடுப்பில் தொடங்கவும் மாட்டார்கள். ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1992-இல் சொன்ன வரிசை இன்றும் பலருக்கு வழிகாட்டி: முதலில் பாதுகாப்பு, அடுத்து நினைவுகூர்ந்து துக்கப்படுவது, பிறகு உலகத்தோடு மறுபடி ஒட்டுவது. முதல் அறையில் இருந்தவர் நேராக இரண்டாவது படியில் காலை வைத்தார். அவ்வளவுதான் அவர் செய்த தப்பு.

பெரியம்மா வெள்ள இரவைப் பற்றித் தானாகச் சொன்னது ஏழாவது முறை போனபோது. பாதி சொல்லிக் கையைத் தூக்கினார். அந்த அம்மா விட்டுவிட்டார்.

அண்ணனின் போன்

இதற்கிடையில் வீட்டில் வேறொரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஆபீசிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை போன் செய்வார். பெரியம்மா எடுக்காவிட்டால் அண்ணிக்கு, அண்ணி மீட்டிங்கில் இருந்தால் வாட்ச்மேனுக்கு. கடைசியில் ஹாலில் கேமரா வைத்தார். "ஜெயில்லகூட பாத்ரூமுக்குப் போனா தேட மாட்டாங்க" என்றார் பெரியம்மா. அண்ணி வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அறை பெரியம்மாவின் அறையாகிவிட்டதால் சாப்பாட்டு மேசையில் லேப்டாப். ஒன்பதாம் வகுப்பில் இருந்த பேத்தி யாரிடமும் பேசுவதில்லை. மாறியது பெரியம்மாவின் வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நாலு பேருக்கும் அது மாறியிருந்தது.

ஒரு சனிக்கிழமை அந்த அண்ணா நகர் அம்மா நாலு பேரையும் வரச் சொன்னார். குடும்ப அமர்வு என்றால் பஞ்சாயத்து என்று அண்ணன் நினைத்தார். யார் பக்கம் நியாயம் என்ற பேச்சே அங்கே எழவில்லை என்று பிறகு கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னார். ஒவ்வொருவரும் இந்த வருடம் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்டாராம். அண்ணி அறையைச் சொன்னார். பேத்தி, "பாட்டி வந்ததுலேர்ந்து வீட்டுல யாரும் சத்தமா சிரிக்கிறதில்ல" என்றாள். அண்ணன் பேச்சு வராமல் இருந்துவிட்டு, 2015 டிசம்பரைச் சொன்னார். அப்போது அவர் பெங்களூரில் இருந்தார். மூன்று நாள் போன் போட்டுக்கொண்டே இருந்தார். "நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார்." அந்தப் பெண் குரல் இப்போது கேட்டாலும் குமட்டும் என்றார். எட்டு வருடம் கழித்துப் பெரியம்மாவுக்கு மட்டுமல்ல, அவருக்கும் பீரோ நகர்ந்திருந்தது. இவருக்குக் குழாய்ச் சத்தம், அவருக்கு எடுக்காத போன். அண்ணன் மழையில் நனையவே இல்லை. ஆனாலும் வெள்ளத்தில் இருந்தவர்தான்.

குடும்பமாகப் பார்ப்பதன் பயன் இதுதான். ஒருவரின் பயம் இன்னொருவரின் கண்களுக்கு அடக்குமுறையாகத் தெரியும். மூன்றாமவருக்கு வெறும் எரிச்சலாகத் தெரியும். காரணம் தெரிந்தால் கோபம் போய்விடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏற்பாடு செய்துகொள்ளலாம். கேமரா கழன்றது. காலையில் பெரியம்மா குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு ரோஜாப் பூ குட்மார்னிங் படம் போடுவார். "நல்லா இருக்கேன்" என்று அதற்கு அர்த்தம். மதியம் ஒரு மணிக்கு ஒரு போன். குட்மார்னிங் படங்களை நான் எத்தனை கிண்டல் செய்திருக்கிறேன்!

எல்லாக் குடும்பத்தையும் ஒரே அறையில் உட்காரவைக்க முடியாது, கூடாது. அடிப்பவரும் அடிபடுபவரும் ஒரே வீட்டில் இருந்தால் குடும்ப அமர்வே ஆபத்தாகிவிடும். அங்கே பேசியதற்கு வீட்டுக்குப் போய் அடி விழும். நல்ல சிகிச்சையாளர் முதலில் ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்துவிட்டுத்தான் சேர்த்து உட்காரவைப்பார். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி சிகிச்சையாளர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். ரகசியம் காக்கும் வாக்குறுதி அங்கே செல்லாது. இதையும் நேர்மையான சிகிச்சையாளர் முதல் நாளே சொல்லிவிடுவார்.

ஒரு விஷயத்தில் எனக்குச் சங்கடம் உண்டு. ஆற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் குடும்பம் குடும்பமாக மாற்றப்பட்டவர்கள் இதே சென்னையில்தான் இருக்கிறார்கள். வெள்ளம், வீட்டை இடிப்பது, வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் பல மைல் தூரம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது அவர்களுக்கு. அங்கே ஓர் அம்மாவுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பேருந்து நேரத்துக்கு வந்தால் அவருடைய நெஞ்சுப் படபடப்பு கொஞ்சம் குறையும். பாதுகாப்பு முதல் படி என்றால், அந்தப் படியைக் கட்டும் வேலை எல்லாமே சிகிச்சை அறைக்குள் இல்லை.

சென்னையில் யாரைப் பார்ப்பது

மருந்து எழுதிக் கொடுப்பவர் சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் எம்.ஃபில் அளவில் பயிற்சியும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும், கேட்டால் சொல்வார்கள். கவுன்சிலர் என்ற சொல் அகலமானது. சமூகப்பணி முதுகலை படித்துப் பல வருடம் பழகிய அருமையானவர்களும் அதில் உண்டு, மூன்று வாரச் சான்றிதழோடு போர்டு மாட்டியவர்களும் உண்டு. முதல் போனிலேயே, "ட்ராமாவுக்கு என்ன பயிற்சி எடுத்திருக்கீங்க? எனக்குப் பேசப் பிடிக்காத விஷயம் வந்தா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவர் எரிச்சல்பட்டால் வேறு ஆளைப் பார்க்கலாம்.

காசு பெரிய தடை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் காசில்லாமல் பார்க்கலாம். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சினிமாவும் நாமும் சேர்ந்து ஒரு ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கியதால், போக வேண்டியவர்களும் போகாமல் இருக்கிறார்கள். மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் 1984-இலிருந்தும், தற்கொலைத் தடுப்புக்கான ஸ்நேகா 1986-இலிருந்தும் இந்த ஊரில் இயங்குகின்றன. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் சேவை அது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துபோகிறது என்றால் இந்தக் கட்டுரையை விட்டுவிட்டு முதலில் அந்த எண்ணை அழுத்துங்கள்.

வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் பொண்ணு பார்க்க வரும் வீடுகளில் அதிகம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. மகன்தான் காசு கட்டுகிறார் என்பதற்காக அம்மா உள்ளே பேசியதை மகனிடம் சொல்லிவிட முடியாது. அண்ணன் ஒரு முறை கேட்டுப் பார்த்தார். "அவங்ககிட்டயே கேளுங்க சார்" என்று பதில் வந்தது.

கடைசியாக ஒரு முணுமுணுப்பு. இப்போது ரீல்ஸில் எல்லாமே ட்ராமா. மேனேஜர் திட்டினால் ட்ராமா, பிரியாணியில் லெக் பீஸ் இல்லையென்றால் ட்ராமா. ஓய்வு பெற்ற முதல் மாதம் அப்பா வீட்டில் எல்லாரையும் விரட்டுவது பெரும்பாலும் பழக்கம் விட்டுப்போன எரிச்சல்தான். ஆறு மாதத்தில் வாக்கிங் நண்பர்கள் சரிசெய்துவிடுவார்கள். துக்கமும் நோயல்ல. பெரியப்பாவை நினைத்துப் பெரியம்மா அழுவதை அந்த அம்மா நிறுத்த முயலவே இல்லை. ஒரு வருடம் தாண்டியும் துக்கம் துளியும் அசையாமல் ஆளையே முடக்கிப்போட்டால்தான் அதற்கென்று தனிச் சிகிச்சை பார்க்க வேண்டிவரும்.

பெரியம்மா இப்போது மாதம் ஒரு முறை போகிறார். மேல்தொட்டி நிரம்பும் சத்தத்துக்கு இன்னமும் விழிப்பு வரும். சில நாள் திரும்பித் தூங்கிவிடுகிறார், சில நாள் சமையலறைக்குப் போய் உட்காருகிறார். கவர் பீரோ மேலேயே இருக்கிறது. போன மழைக்கு முன்னால் புதுக் கவர் வாங்கி வரச் சொன்னார், பழையது ரொம்பச் சுருங்கிவிட்டதாம். ஜிப் வைத்தது வாங்கிப் போனேன். உதட்டைப் பிதுக்கிவிட்டு மெழுகுவர்த்தியைத் தேடினார். பேத்தி தன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எடுத்து வந்து, "இதையும் வெச்சுடு பாட்டி" என்று நீட்டினாள்.